நிகர எடை

லீலண்ட்,
போன மார்ச்சில் உன் மேசையின் கடைசி இழுப்பறையை
வெண்ணெய்க் கத்தியால் நெம்பித்தான் திறந்தேன்.
நெப்ராஸ்காவின் பனி அப்போது
ஜன்னல் விளிம்பில் அழுக்காக உட்கார்ந்திருந்தது.

உள்ளே இரண்டு ஷூ பெட்டிகள்.
ஒன்றில் ரசீதுகள்:
பீன்ஸ் டப்பா பன்னிரண்டு, பதினொரு டாலர் நாற்பது சென்ட்;
ஒரு சிறுமி கொண்டுவந்த கால் டாலருக்கும்
உன் கையெழுத்திட்ட சீட்டு.
சல்லிக்காசு பிசகாத மனுஷன் நீ.

இன்னொன்றில் பிரிக்காத உறைகள்.
எல்லாம் வரித் துறையிலிருந்து.
மேலே உன் நோட்டுப் புத்தகம்.
அதில் இரண்டு முறை அடிக்கோடிட்டு,
"சபை தாக்கல் செய்யத் தேவையில்லை."

உண்மைதான்.
சபை தேவையில்லை.
ஆனால் உணவுக் கிடங்கு சபை அல்லவே, லீலண்ட்.
கத்தோலிக்கர்களும் கூச்சமில்லாமல் தரட்டும் என்று
வெள்ளம் வந்த வருஷம்
அதற்குத் தனிப் பெயர், தனி எண் வாங்கினோம்.
அந்தத் தாளின் அடியிலும் உன் கையெழுத்துதான்.

நமக்குக் குளிர்பெட்டி தருவதாயிருந்த
மளிகைக் கம்பெனி அறக்கட்டளையிலிருந்து
ஒரு பெண் பேசினாள்.
"உங்கள் பெயர் பட்டியலில் இல்லை.
வேறொரு பட்டியலில் இருக்கிறது."
துக்க வீட்டுக்கு வந்தவளைப் போல்
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.
மூன்று வருஷம் தொடர்ந்து வாய் திறக்காவிட்டால்
விலக்கு தானாகவே போய்விடுமாம்.
யாரும் கோபித்து எடுப்பதில்லை.
தானாகவே.

அடித்தளத்து அறையில் கூட்டம்.
யார் தப்பு என்று டுவெய்ன் பிளாசெக் கேட்டான்.
காபி இயந்திரம் மட்டும்
ஏதோ முனகிக்கொண்டிருந்தது.
இரண்டாவது பெட்டியைப் பற்றி
நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
"கணக்கை ஆர்டித் பார்க்கட்டும்" என்றார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் லாரிகள்.
தானியக் கிடங்கின் எடைமேடையில் முப்பத்தொரு வருஷம்.
சோளத்தோடு ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு ஏறும், எழுதுவேன்.
"காலி வண்டிதானே, விடு ஆர்டித்" என்று
ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பார்கள்.
விட்டதில்லை.
காலி வண்டிக்கும் ஓர் எடை உண்டு.
அதை எழுதாமல்
எந்த விவசாயிக்கும் காசு போகாது.

நாம் கட்டவேண்டிய வரி பூஜ்யம், லீலண்ட்.
அன்றும் பூஜ்யம், இன்றும் பூஜ்யம்.
அந்தப் பூஜ்யத்தைத்தான்
மேடையேற்றிக் காட்டச் சொன்னார்கள்.

திரும்பப் பெற பதினைந்து மாதம் அவகாசம்.
கட்டணம் இருநூற்று எழுபத்தைந்து டாலர்;
ஆப்பிள் பை விற்றதில் இருநூற்றுப் பத்து தேறியது.
மீதியை யார் போட்டார்கள் என்று நீ கேட்கவேண்டாம்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
உங்கள் பணி என்ன?
இருநூற்று ஐம்பத்தைந்து எழுத்துக்குள்.
இடைவெளியும் எழுத்துக் கணக்கில் சேரும்.
போதகர் கிரெட்சன் எழுதித் தந்தது
அன்பு, ஒளி, சமூகம் என்று
கட்டத்தைத் தாண்டி வழிந்தது.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
"வியாழக்கிழமைகளில் சாப்பாடு தருகிறோம்.
யாரையும் எதுவும் கேட்பதில்லை" என்று எழுதினேன்.
பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது கட்டம்.
ஏற்றுக்கொண்டார்கள்.

இன்று மே பதினான்கு. நாளை கடைசி நாள்.
கணினியில் ஓர் அஞ்சலட்டை; காகிதம்கூட இல்லை.
பெயர். முகவரி. எண்.
பொறுப்பாளர் என்ற இடத்தில்
இன்னும் நீ இருந்தாய்.
உன்னை ஒவ்வோர் எழுத்தாக அழிக்க வேண்டியிருந்தது.

வரவு ஐம்பதாயிரத்துக்குள் தானா? ஆம்.
இந்த அமைப்பு கலைக்கப்பட்டுவிட்டதா?

கீழே யாரோ
அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
இல்லை என்று அழுத்தினேன்.

நான்கு நிமிடம், லீலண்ட்.
நான்கே நிமிடம்தான் ஆனது.
உன்மேல் வந்த கோபத்தில்
கணினியை மூடாமல்
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.